சலவைத்தூளில் நனைந்த நோட்டும் விளக்கை ஏமாற்றிய நோட்டும்

வாசகர் கேள்வி:

தலவாக்கலைப் பக்கம், தோட்டத்துக்குப் போகும் சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே ரொட்டி, டீ வியாபாரமும் உண்டு. சம்பள வாரத்தில் 5,000 ரூபா நோட்டுதான் அதிகம் வரும். முன்பு ஒரு கள்ள நோட்டு வந்து நட்டப்பட்டதால் புற ஊதா டோர்ச் ஒன்றும், கோடு போட்டுப் பார்க்கும் பேனா ஒன்றும் வாங்கி வைத்தேன். போன மாதம் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர் தந்த 5,000 நோட்டு டோர்ச்சில் நீலமாக மின்னியது, பேனாக் கோடும் கறுத்தது. கள்ள நோட்டு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மெசினில் எடுத்த காசு என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதே வாரம், டோர்ச்சில் மின்னாமல், பேனாவிலும் மஞ்சளாகவே நின்ற வேறொரு நோட்டை வங்கியில் போட்டேன். அதைக் கள்ள நோட்டு என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். நான் எதைத்தான் நம்புவது? இன்னொன்று: ஒரு தம்பி 2,000 ரூபா நோட்டு கொண்டுவந்தார். அப்படி ஒரு நோட்டு உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் டோர்ச்சிலும் பேனாவிலும் பழுது இருக்க வேண்டியதில்லை. டோர்ச் அறிவது ஒன்றே ஒன்று: தாளில் வெண்மையூட்டும் இரசாயனம் இருக்கிறதா, இல்லையா. பேனா அறிவதும் ஒன்றுதான்: தாளில் மாப்பொருள் இருக்கிறதா, இல்லையா. நோட்டு மத்திய வங்கி வெளியிட்டதா என்பது இரண்டுக்கும் தெரியாது. மழையும் சலவைத்தூளும் ரொட்டி மாவும் சேர்ந்து புழங்கும் உங்கள் மேசையில் இவை இரண்டும் பிழையாகச் சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு.

முதலில் டோர்ச். நாம் கொப்பியிலும் போட்டோக்கொப்பியிலும் பயன்படுத்தும் வெள்ளைத் தாள், மரக்கூழில் செய்தது. அது பளிச்சென்று தெரிவதற்காக ஒளிரும் வெண்மையூட்டி சேர்ப்பார்கள். புற ஊதா ஒளி பட்டால் அது நீலவெள்ளையாக மின்னும். நோட்டுத் தாள் பருத்தி நாரில் செய்தது. அதில் வெண்மையூட்டி சேர்ப்பதில்லை. அதனால் நல்ல நோட்டின் தாள் மங்கலாகவே இருக்கும். அச்சிட்டதில் சில இடங்கள் மட்டும் ஒளிரும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அதே வெண்மையூட்டிதான் சலவைத்தூளிலும் இருக்கிறது. சட்டைப் பையிலோ பாவாடை மடிப்பிலோ மறந்து விட்ட நோட்டு வாளிக்குள் போய்ச் சலவைத்தூள் தண்ணீரில் ஒரு மணிநேரம் ஊறினால், பருத்தி நார் அந்த வெண்மையூட்டியை வெள்ளைச் சட்டை உறிஞ்சுவது போலவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எத்தனை நாள் காய்ந்தாலும் அது மின்னும். மலையில் நோட்டு நனைவதும் துவைபடுவதும் அன்றாடம் நடப்பது. அந்த அக்காவின் நோட்டுக்கும் இதுவே நடந்திருக்கலாம்.

துவைபட்ட நல்ல நோட்டையும் கள்ளத்தாளையும் டோர்ச் வெளிச்சத்திலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். துவைபட்டதில் மினுக்கம் திட்டுத் திட்டாக இருக்கும். மடிப்பில், கிழிசல் ஓரத்தில், மை தேய்ந்த இடத்தில் கூடுதலாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் தெரியும். கள்ளத்தாளில் நாலு மூலையும் ஒரே அளவாக, மேசை விரிப்பு மாதிரி மின்னும். துவைபட்ட நோட்டில், ஒளிர வேண்டிய அச்சுப் பகுதிகள் மங்கினாலும் அங்கேயே இருக்கும். பக்கத்தில் துவைபடாத நல்ல நோட்டு ஒன்றை வைத்துப் பார்த்தால் எது எங்கே ஒளிர வேண்டும் என்பது விளங்கும்.

டோர்ச்சைப் பற்றியும் ஒரு சொல். நோட்டுக்கு உகந்தது 365 நானோமீற்றர் அலைநீளம். மலிவாகக் கிடைக்கும் பல டோர்ச்சுகள் 395 நானோமீற்றரை ஒட்டியவை. அவற்றில் கண்ணுக்குத் தெரியும் ஊதா வெளிச்சமே அதிகம் என்பதால் எந்தத் தாளைக் காட்டினாலும் நீலமாகத்தான் தெரியும். பல்ப் எரியும் கடைக்குள் பகலில் பார்ப்பதும் பயன் தராது. ஒரு பிஸ்கட் பெட்டியைக் கவிழ்த்து முன்பக்கம் வெட்டி, உள்ளே நோட்டை வைத்து, 5 முதல் 10 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து அடித்துப் பாருங்கள். ஒளியை நேராகக் கண்ணால் பார்க்க வேண்டாம்.

இனிப் பேனா. அதில் இருப்பது அயடீன் கரைசல். பாடசாலையில் வெட்டிய உருளைக்கிழங்கில் அயடீன் விட்டுக் கருநீலம் ஆவதைக் காட்டியிருப்பார்கள், அதே தாக்கம்தான். சாதாரணத் தாளில் பிசினாக மாப்பொருள் சேர்த்திருப்பதால் கோடு கறுக்கும். நோட்டுத் தாளில் மாப்பொருள் இல்லாததால் வெளிர்மஞ்சளாக நின்று மெல்ல மறையும். ஆனால் ரொட்டி பிசைந்த கை நோட்டைத் தொட்டால்? கோதுமை மா முழுக்க மாப்பொருள். நோட்டின் நார்களுக்கிடையில் ஒரு சிட்டிகை மா ஏறியிருந்தாலும் நல்ல நோட்டில் கோடு கறுத்துவிடும். ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் காசு வாங்கும் கடைக்கு இந்தப் பேனாவை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன்.

பேனா பழசானால் இதைவிட மோசம். அயடீன் ஆவியாகிப் போகும் பொருள். மூடி சரியாகப் பூட்டாமல் சில மாதம் கிடந்த பேனா எந்தத் தாளிலும் கறுக்காது. கொப்பித் தாளில்கூட மஞ்சளாகவே நிற்கும். பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் தினமும் காலையில் கொப்பித் தாளில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உடனே கறுக்காவிட்டால் பேனாவை எறிந்துவிடலாம்.

உங்களிடம் மஞ்சளாக நின்ற நோட்டு கள்ளமானது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வழிகள் பல. பேனா செத்துப்போயிருக்கலாம். மாப்பொருளும் வெண்மையூட்டியும் இல்லாத தாளைத் தேடி வாங்கி அச்சடித்திருக்கலாம். தாளின் மேல் தெளிந்த வார்னிஷ் மாதிரி ஒன்றைத் தெளித்து மூடியிருக்கலாம். அப்போது அயடீன் நாரைத் தொடாது, மினுக்கமும் அடங்கும். இன்னொரு தந்திரம், சிறிய பெறுமதியான நல்ல நோட்டின் மையைக் கழுவியெடுத்துவிட்டு அதன்மேல் பெரிய நோட்டை அச்சடிப்பது. தாள் அசல் என்பதால் டோர்ச்சும் பேனாவும் அதை நல்லது என்றே சொல்லும்.

ஆனால் அந்தத் தந்திரம் நம் நோட்டுகளில் மாட்டிக்கொள்ளும், இரண்டு காரணத்தால். 2011 பெப்ரவரியில் வெளிவரத் தொடங்கிய இந்த வரிசை நோட்டுகள் எல்லாவற்றுக்கும் உயரம் ஒன்று. பெறுமதி கூடக் கூட நீளம் மட்டும் கூடும். 20 ரூபாத் தாளில் 5,000 அச்சடித்தால் நீளம் போதாது. இரண்டாவது காரணம் நீரெழுத்து, அதாவது வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் உருவம். ஒவ்வொரு நோட்டின் முன்பக்கத்திலும் இலங்கைக்கே உரிய ஒரு பறவை இருக்கிறது அல்லவா? அதே பறவைதான் நீரெழுத்திலும். 5,000இல் இருப்பது மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி. நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிர்க் காடுகளில் திரியும் நம்மூர்ப் பறவை. 20 ரூபாவில் இருப்பது ஒரு சின்ன ஆந்தை. 5,000 என்று அச்சடித்த தாளைத் தூக்கிப் பிடிக்கும்போது உள்ளே ஆந்தை உட்கார்ந்திருந்தால் வேறு சோதனையே தேவையில்லை. 1,000 ரூபாவில் சின்னக் கிளி. அதன் முன்பக்கத்துப் படம் இறம்பொடைச் சுரங்கப்பாதை, கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் நுழைந்து வந்த அதே பாதை. கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பறவைகளைக் காட்டிக் கொடுங்கள். ஒரு நாளில் பழகிவிடுவார்கள்.

நீரெழுத்தைப் பார்க்கும் முறை முக்கியம். பனிமூட்டம் இறங்கிய பின்னேரத்தில் வாசலை நோக்கித் தூக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. போன் டோர்ச்சை எரியவிட்டு மேசையில் மல்லாக்க வைத்து, நோட்டை அதற்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். அசல் நீரெழுத்து, தாள் செய்யும்போதே கூழ் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் படிவதால் உண்டாவது. அதனால் பறவையின் மார்பு வெளிறி, இறக்கை மெல்ல மெல்ல இருண்டு, இடையில் எத்தனையோ படிகளாக நிழல் இறங்கும். கள்ளத்தில் அதைச் சாம்பல் நிற மையாலோ மெழுகு மாதிரி ஒன்றாலோ வரைந்திருப்பார்கள். ஓரம் கோடு போட்டது போல் நிற்கும், நிழல் ஒரே அளவாக இருக்கும். இன்னும் எளிய வேறுபாடு ஒன்று: மேசையில் சும்மா கிடக்கும்போதே பறவை தெளிவாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அசலில் பின்னால் வெளிச்சம் வந்தால்தான் உருவம் எழும்.

அதே வெளிச்சத்தில் பாதுகாப்பு இழையையும் பார்த்துவிடலாம். 1,000, 5,000 நோட்டுகளில் மேலோட்டமாகப் பார்த்தால் இழை விட்டு விட்டுத் துண்டு துண்டாகத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் மேலிருந்து கீழ்வரை அறுபடாத ஒரே கோடாகிவிடும், ஏனென்றால் அது தாளுக்குள் நெய்தது போல் நுழைந்து நுழைந்து வெளிவருகிறது. நோட்டைச் சாய்த்தால் அதன் நிறம் மாறும். கள்ளத்தில் பளபளக்கும் தகட்டுத் துண்டுகளை மேலே ஒட்டியிருப்பார்கள், அல்லது வெள்ளி மையால் அடித்திருப்பார்கள். வெள்ளி மை சாய்க்கும்போது மினுங்கும், நிறம் மாறாது. ஒட்டிய துண்டின் நுனி நகத்துக்குத் தட்டுப்படும். சிலர் மெல்லிய தாள் இரண்டை நடுவில் இழை வைத்து ஒட்டுவார்கள். அப்படிப்பட்டது நனைந்தால் மூலையில் இரண்டாகப் பிரியத் தொடங்கும்.

விரலுக்கு வருவோம். நோட்டின் முக்கியமான எழுத்தும் எண்ணும் படமும் செதுக்கிய உலோகத் தகட்டிலிருந்து, மிகுந்த அழுத்தத்தில், தாளைப் பள்ளத்துக்குள் அமுக்கி அச்சிடப்படுகின்றன. மை தாளின்மேல் வரம்பு கட்டியது போல் எழுந்து நிற்கும். பெருவிரல் நகத்தைப் படுக்கையாக வைத்து முன்பக்க எழுத்தின் குறுக்கே இழுத்தால் அரத்தில் இழுப்பது போன்ற நறநறப்பு நகத்தில் தெரியும். வீட்டுப் பிரிண்டரில் அடித்தது வழுக்கிக்கொண்டு போகும். ஒரு எச்சரிக்கை: பழைய நோட்டில் இந்த வரம்பு தேய்ந்திருக்கும், ஈரமான நோட்டில் தாள் ஊறி மெத்தென்று ஆகிவிடும், குளிரில் விறைத்த விரலுக்கும் ஒன்றும் தெரியாது. கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஈர நோட்டாக இருந்தால் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கிடையில் வைத்துப் பாரம் வையுங்கள். அடுப்போரத்திலோ இஸ்திரிப் பெட்டியாலோ காயவைக்க வேண்டாம். சூட்டில் பிளாஸ்ரிக் இழை சுருண்டு நல்ல நோட்டே கள்ளம் மாதிரி ஆகிவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் மனம் ஒப்பாவிட்டால் தேவைப்படுவது ஒரு பூதக்கண்ணாடி. நகைக்கடையிலும் அடகுக்கடையிலும் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார்களே, 10 மடங்கு பெருக்கும் அந்தக் கண்ணாடி. புற ஊதா டோர்ச்சுக்குக் கொடுத்த பணத்தை இதற்குக் கொடுத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று மனமார நினைக்கிறேன். கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நோட்டைத் தெளிவாகும்வரை கிட்டக் கொண்டுவாருங்கள். பறவையைச் சுற்றியுள்ள மெல்லிய கோட்டு வேலைப்பாட்டைப் பாருங்கள். அசலில் ஒவ்வொரு கோடும் நூல் இழுத்தது போல அறுபடாமல் ஓடும். ஒரு கோடு நீலத்திலிருந்து பச்சைக்கு மாறினாலும் மாறும் இடம் தெரியாது. மை கலந்து கலந்து போகும், புள்ளி இருக்காது. இன்க்ஜெட்டில் அடித்ததில் கோடு என்றே ஒன்று இல்லை. குங்குமத்தையும் மஞ்சள் தூளையும் நீலப் பொடியையும் தாளில் தூவியது போலப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். ஓரத்தில் மை நாரைப் பிடித்துக்கொண்டு ஊறியிருக்கும். லேசர் பிரிண்டரில் அடித்ததில் மை தாளுக்குள் இறங்காமல் உருகிய பிளாஸ்ரிக் துகளாகப் பளபளத்துக்கொண்டு மேலே குந்தியிருக்கும். வெறும் இடத்திலும் அங்கொன்று இங்கொன்றாகத் துகள் தெறித்திருக்கும். மடித்த இடத்தில் அது ஓடு உடைவது போலக் கூரிய விளிம்போடு உதிர்ந்து கீழே வெள்ளைத்தாள் தெரியும். பழைய அசல் நோட்டின் மடிப்பிலும் வெளுப்பு இருக்கும், ஆனால் அங்கே நார்களில் சாயம் மிஞ்சி நிற்கும்.

தொடர் இலக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு இடத்தில் இருக்கும் இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒட்டுப்போட்ட நோட்டு வந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு வேறு நோட்டுகளின் பாதிகளை ஒட்டிக் கொடுக்கிறவர்களும் உண்டு. ஒரே நாளில் ஒரே இலக்கத்தோடு இரண்டு நோட்டு வந்தால் அதில் ஒன்றாவது கள்ளம். திகதியும் கையொப்பமும் நோட்டுக்கு நோட்டு மாறுபடுவது இயல்பு. அதை வைத்து யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

சம்பள வாரக் கூட்டத்தில் இவ்வளவும் எப்படிப் பார்ப்பது என்று நினைப்பீர்கள். நகத்தால் ஓர் இழுப்பு, போன் வெளிச்சத்தில் பறவையும் இழையும், ஒரு சாய்ப்பு. பழகினால் 10 விநாடிக்குள் முடியும். 5,000 ஒன்றும் 1,000 ஒன்றும் புதிய நல்ல நோட்டாக வங்கியில் கேட்டு வாங்கி, ஒப்பிடுவதற்கென்றே தனியாக வையுங்கள். 6,000 ரூபா முடங்கத்தான் செய்யும், ஆனால் ஒப்பிட நல்லது ஒன்று கையில் இல்லாமல் செய்யும் எந்தச் சோதனையும் ஊகமாகவே முடியும். வாங்கிய பெரிய நோட்டை உடனே லாச்சிக்குள் போடாமல், மிச்சக் காசு கொடுத்து ஆள் நகரும்வரை மேசைமேல் ஒரு பாரத்துக்கடியில் வையுங்கள். லாச்சிக்குள் போய்விட்டால் யார் தந்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

சந்தேகம் உறுதியானால் என்ன செய்வது என்பதைக் கவனமாகப் படியுங்கள், பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். அந்த நோட்டு இனிக் காசு இல்லை, சான்று. தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பது, மூலையைக் கிழித்துப் பார்ப்பது, பேனாவால் குறுக்கே கோடு போடுவது, 'கள்ளம்' என்று எழுதுவது, ஸ்டேப்பிள் அடிப்பது, லெமினேட் செய்வது எதுவும் வேண்டாம். நல்ல நோட்டாக இருந்துவிட்டால் நட்டம் உங்களுக்கே. வேண்டுமென்றே கிறுக்கிச் சிதைத்த நோட்டுகளுக்குப் பெறுமதி கொடுப்பதை மத்திய வங்கி 2018 மார்ச் 31ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. கள்ளமாக இருந்தாலோ நீங்கள் அழிப்பது குற்றவாளியின் தடயத்தை.

கைரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் பட்ட வியர்வையிலுள்ள அமினோ அமிலம் நாரில் ஊறி நிற்கும். ஆய்வுகூடத்தில் நின்ஹைட்ரின் என்ற இரசாயனத்தைப் பூசினால் ரேகை ஊதா நிறமாக எழும். ஆனால் அமினோ அமிலம் தண்ணீரில் கரையும். ஒருமுறை நனைந்தால் அந்த ரேகை பெரும்பாலும் போய்விடும். ஆகவே ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்கி, காய்ந்த கடித உறைக்குள் வையுங்கள். பொலித்தீன் பை வேண்டாம். நம் குளிரில் உள்ளே ஈரம் வியர்த்து மை ஊறும், நாளானால் பூஞ்சணம் பிடிக்கும். உறைமேல் எழுத வேண்டியதை நோட்டை உள்ளே வைக்கும் முன் எழுதிவிடுங்கள். பிறகு எழுதினால் பேனா அழுத்திய தடம் உள்ளேயுள்ள நோட்டிலும் பதியும், அது பரிசோதகரைக் குழப்பும். எழுத வேண்டியது: திகதி, நேரம், பெறுமதி, தொடர் இலக்கம், யார் தந்தது, அல்லது ஆளின் அடையாளம், வண்டியில் வந்திருந்தால் அதன் இலக்கம், கடையில் அதைத் தொட்டவர்கள் யார் யார். பிறகு பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்கோ 119க்கோ அறிவியுங்கள். இத்தகைய நோட்டுகளை விசாரிப்பதற்கென்றே குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் தனிப் பிரிவு இருக்கிறது, பொலிஸார் அங்கே தெரிவிப்பார்கள். ஆளை மறித்துச் சண்டை பிடிக்க வேண்டாம். தந்தவரே ஏமாந்தவராக இருப்பதுதான் பெரும்பாலும் நடப்பது.

ஒரு நோட்டுக்கு இவ்வளவா என்று தோன்றலாம். ஆய்வு மேசையில் அந்த ஒரு நோட்டு நிறையச் சொல்லும். முதலில் தாளைக் கெடுக்காத சோதனைகள் நடக்கும்: நேர் வெளிச்சத்தில் படம் எடுப்பார்கள், பின்னாலிருந்தும் பக்கவாட்டில் தாழ்வாகவும் ஒளி பாய்ச்சுவார்கள், புற ஊதாவிலும் அகச்சிவப்பிலும் பார்ப்பார்கள், நுண்ணோக்கியில் வைத்து நல்ல நோட்டோடு ஒப்பிடுவார்கள். அகச்சிவப்பில் அசல் நோட்டின் சில பகுதிகள் மறைந்து சில பகுதிகள் நிற்கும், மைகளை அப்படித் தேர்ந்தெடுத்தே அச்சிடுகிறார்கள். சாதாரண வண்ண மையில் அடித்த கள்ள நோட்டில் அந்தப் பங்கீடு வராது. இரசாயனம் பூசுவதெல்லாம் கடைசியில்தான், ஏனென்றால் அதன் கரைப்பான் மையைக் கலைத்துவிடக்கூடும். வண்ண லேசர் பிரிண்டர்கள் பல, தாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளைச் சேர்த்தே அடிக்கின்றன. நீல ஒளியில் பெருக்கிப் பார்த்தால் புள்ளிகளின் அமைப்பிலிருந்து எந்த இயந்திரம் என்று தேட வழி பிறக்கும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது பொதுப் பிழை. கள்ளன் ஒரு நோட்டை ஸ்கேன் செய்யும்போது கண்ணாடியில் ஒரு தூசி இருந்தால், அவன் அடிக்கும் அத்தனை நோட்டிலும் அதே இடத்தில் அதே புள்ளி விழும். மூல நோட்டில் இருந்த மடிப்பு அத்தனையிலும் அச்சாகிவிடும். ஹட்டனில் பிடிபட்டதிலும் வெலிமடையில் பிடிபட்டதிலும் அந்தப் புள்ளி இருந்தால் இரண்டும் ஒரே மேசையில் பிறந்தவை. நீங்கள் உறையில் எழுதிய திகதியும் நேரமும் அப்போது ஒரு வரைபடத்தில் புள்ளியாக விழும். வெட்கத்தில் அடுப்பில் போட்டவரின் நோட்டு எந்த வரைபடத்திலும் சேர்வதில்லை.

சட்டம் சுருக்கமாக. தண்டனைச் சட்டக்கோவையின் 478ஏ முதல் 478டி வரையான பிரிவுகள் கள்ள நோட்டு அச்சிடுவதையும், அது கள்ளம் என்று தெரிந்தோ நம்பக் காரணம் இருந்தோ மாற்றுவதையும், வைத்திருப்பதையும், கருவி வைத்திருப்பதையும் குற்றமாக்குகின்றன. தெரியாமல் கையில் வந்ததற்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. தெரிந்த பிறகு, பட்ட நட்டத்தை அடுத்தவர் தலையில் கட்டினால் அந்த நிமிடமே நிலைமை மாறிவிடுகிறது. வங்கி எடுத்துவைத்த கள்ள நோட்டுக்கு மாற்றுக் காசு கிடைக்காது. இது கசப்பானதுதான், ஆனால் மாற்றுக் காசு கொடுத்தால் கள்ள நோட்டுக்கு வங்கியே விலை வைத்ததாகிவிடும். வங்கியில் கொடுத்த நோட்டின் இலக்கம் இன்னமும் ஞாபகத்தில் இருந்தால் எழுதி வையுங்கள். பொலிஸார் வாக்குமூலம் கேட்டு வரலாம்.

2,000 ரூபா நோட்டு உண்டு, சந்தேகம் வேண்டாம். மத்திய வங்கி தனது 75 ஆண்டு நிறைவுக்காக 2025 ஓகஸ்டில் புதிய 2,000 ரூபா நோட்டை வெளியிட்டது. அதற்கு முன் 2006இலும் சிகிரியா படத்தோடு ஒரு 2,000 ரூபா வந்திருந்தது. அடிக்கடி காணாததால் கள்ளம் என்று தோன்றுவது இயல்பு. முதல் தடவை பார்க்கும் நோட்டை வாங்கத் தயக்கமாக இருந்தால், "தம்பி, பேங்கில காட்டி மாத்திக்கொண்டு வாங்க" என்று சொன்னால் போதும். ஆளைப் பார்த்துக் கள்ளன் என்று சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக அந்தக் கொழுந்தெடுக்கும் அக்கா. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தாலும் 5,000 என்பது நாலு நாள் கொழுந்துக்குக் கிட்டத்தட்ட. மின்னியது, கறுத்தது என்ற இரண்டு காரணமும் சலவைத்தூளாலும் உங்கள் ரொட்டி மாவாலும் வரக்கூடியவை என்பதால், அந்த நோட்டு நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம். மெசினில் எடுத்தது என்று அவர் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் கள்ளம் என்று சொன்னதால் அவர் அதை ஒளித்து வைத்திருக்கலாம், கிழித்துப் போடும் எண்ணத்தில்கூட இருக்கலாம். இன்றைக்கே லயத்துக்கு ஆள் அனுப்பி, நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கையைத் துடைத்துக்கொண்டு, மா இல்லாத மேசையில், அவர் கண்முன்னே, உங்கள் புதிய நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் சரியா, நகத்தில் நறநறக்கிறதா, வெளிச்சத்தில் கொண்டைக்குருவி நிழலோடு எழுகிறதா, இழை அறுபடாமல் ஓடி நிறம் மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எல்லாம் சரியாக வந்தால் நோட்டை நீங்களே வாங்கிக்கொண்டு அவருக்கு 5,000 ரூபாவைக் கொடுத்துவிடுங்கள். பேனாக் கோடு உங்கள் கையால் விழுந்தது. அதை வங்கியில் விளங்கப்படுத்தி மாற்றிக்கொள்ளும் அலைச்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஒன்றாவது சரிவராவிட்டால் இருவருமாக வங்கிக்குப் போய்க் காட்டுங்கள். எந்த மெசினில், எந்தத் திகதியில் எடுத்தார் என்ற துண்டு இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.